டர்போ காரின் மைலேஜ்: அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது?

கார் வைத்திருப்பவரிடம் நம் ஊரில் முதலில் கேட்கப்படுவது அதன் மைலேஜ்தான். விலையும் வேகமும் அதற்குப் பிறகுதான் வரும். சாதாரணக் கார் வைத்திருப்பவர் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ பொருத்திய சிறிய காரை ஓட்டும் எனக்கு அந்த வசதி இல்லை. என்னுடையது ஆறு கியர் மேனுவல் போக்ஸ்வாகன் போலோ 1.0 டி.எஸ்.ஐ.; மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் கொள்ளளவு, 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 18.24 கி.மீ. கோயம்புத்தூருக்குள் நெரிசல் நேரத்தில் அது 11-ஐ ஒட்டி நிற்கிறது. சேலம் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போனால் 20-ஐத் தொடுகிறது. மலைப்பாதை ஏறும்போது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. இவற்றில் எந்த எண்ணைச் சொன்னாலும் அது உண்மைதான், எதைச் சொன்னாலும் கேட்டவருக்குத் தவறான எண்ணமே உண்டாகும்.

இந்த வகைக் கார்களைப் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து, காலை அழுத்தி ஓட்டும் ஆசைக்குக் கட்டும் அபராதம்தான் குறைந்த மைலேஜ் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசையின் பங்கு மிகவும் சிறியது என்றும், பெட்ரோலின் பெரும்பகுதி நாம் கவனமே செலுத்தாத அன்றாட ஓட்டத்தில்தான் கரைகிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 18.24 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் கார்களின் மைலேஜ் சாலையில் அளக்கப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்ற ஒரு நிகழ்ச்சி நிரலின்படி ஓட்டி அளக்கிறார்கள். மொத்தம் 1,180 விநாடிகள்; ஏறக்குறைய இருபது நிமிடம். நகர ஓட்டத்தைக் காட்டும் 195 விநாடிப் பகுதி நான்கு முறை திரும்ப வரும். பிறகு 400 விநாடிக்கு நகர்ப்புறத்துக்கு வெளியே ஓடுவது போன்ற ஒரு பகுதி. உச்ச வேகம் 90 கி.மீ., ஏ.சி. அணைந்திருக்கும், எதிர்க்காற்று கிடையாது, மேடும் கிடையாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட வண்டிக்கு 26 விநாடி தரப்படுகிறது. அவிநாசி சாலையில் பச்சை விழுந்த பிறகு யாராவது அப்படிக் கிளம்பினால் பின்னால் நிற்கும் நகரப் பேருந்து ஹாரனை விட்டுக் கையை எடுக்காது. டர்போ எஞ்சினைப் பொறுத்தவரை இந்த 26 விநாடி ஒரு சலுகை மட்டுமன்று. அவ்வளவு மெதுவாக வேகம் கூட்டும்போது டர்போவுக்கு வேலையே வருவதில்லை. ஆகவே சோதனை முழுவதும் ஓடுவது பெரும்பாலும் ஒரு சாதாரண ஒரு லிட்டர் எஞ்சின். 110 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் வரும் எஞ்சின் அந்தக் கூடத்தில் தலைகாட்டுவதேயில்லை. சோதனையில் யாரும் ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை; சோதனை கேட்ட கேள்விக்கு எஞ்சின் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவே.

கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே 2008-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, மணிக்கு 129 கி.மீ. வரை வேகமெடுத்துக் கடுமையாக ஓட்டும் சுழற்சி, வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டும் சுழற்சி, குளிரில் கிளம்பும் சுழற்சி ஆகியவையும் கணக்கில் சேர்ந்தன. 197 குதிரைத்திறன் கொண்ட 1.6 லிட்டர் டர்போ ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி. அங்கே விற்கப்பட்டபோது அதற்கு நகரத்தில் 26, நெடுஞ்சாலையில் 35, சேர்த்து 29 என்று கேலனுக்கு மைல் கணக்கில் அறிவித்தார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு முறையே 11, 15, 12 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காரை நம் சுழற்சியில் ஓட்டியிருந்தால் நிச்சயம் இதைவிட நல்ல எண் கிடைத்திருக்கும். வாங்கியவருக்குக் கூடுதல் ஏமாற்றமும் கிடைத்திருக்கும்.

இனி எஞ்சினுக்குள் போவோம். டர்போ இல்லாத ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், வளிமண்டல அழுத்தத்தில் உள்ளிழுக்கும் காற்றை வைத்துக்கொண்டு 90 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முறுக்குவிசை தரும். என் காரின் 175-இல் மீதிப் பாதி, வெளியேறும் புகையால் சுழலும் டர்பைன் கூடுதல் காற்றைத் திணிப்பதால் கிடைப்பது. காற்று கூடினால் அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. சிறிய எஞ்சினின் ஆதாயம் எல்லாம் அந்த 90-க்குக் கீழே ஓடும்போதுதான். பெரிய எஞ்சின் குறைந்த சுமையில் ஓடும்போது, பாதி மூடிய த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) வழியே காற்றை இழுக்கவே கணிசமான ஆற்றலை வீணாக்கும். உராயும் பாகங்களும் அதில் அதிகம். சிறிய எஞ்சின் அதே வேலையைத் த்ராட்டிலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதால் அந்த இழப்பு குறைகிறது.

டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஏறியதும் கதை மாறுகிறது. திணிக்கப்பட்ட காற்று சூடாக இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் நாக்கிங் அபாயம் வரும். அதைத் தவிர்க்க எஞ்சினின் கணினி தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு பாகையிலும் திறன் கொஞ்சம் குறையும். இன்னும் அழுத்தி, நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓட்டினால், டர்பைனும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வெந்துபோகாமலிருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துப் புகையைக் குளிர வைப்பார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதும், என் காரில் உள்ள ஈ.ஏ.211 வகை எஞ்சினில் போல, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டைச் சிலிண்டர் தலைக்குள்ளேயே வைத்துக் கூலன்ட்டால் குளிர்விப்பதும் இந்தத் தேவையைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. 2015-இல் இங்கே வந்த அபார்த் புன்டோ, காற்றுவழியிலேயே எரிபொருளைத் தெளிக்கும் பழைய முறையிலான 1.4 லிட்டர் டர்போ எஞ்சினைக் கொண்டது. 145 குதிரைத்திறன், அறிவிக்கப்பட்ட மைலேஜ் 16.3. அதை ஓட்டுபவர் பெட்ரோல் பங்க்கின் நிரந்தர வாடிக்கையாளர் என்ற கிண்டல் அன்று சாதாரணம். ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் அதற்காக வருந்தியதாக நான் கேட்டதில்லை.

ஆக, பெட்ரோலை விழுங்குவது பூஸ்ட்தான் என்ற முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். ஆனால் ஒரு மாதத்தில் நாம் முழு பூஸ்ட்டில் ஓட்டும் நேரம் எவ்வளவு? நகரத்துக்குள் அது சில விநாடிகளின் கூட்டுத்தொகை. நகரத்தில் மைலேஜைத் தின்பது வேறு.

ஆளும் பையும் சேர்த்து என் வண்டி 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான இயக்க ஆற்றல் சுமார் 120 கிலோஜூல். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், அதற்கு 16 மில்லி பெட்ரோல் செலவாகும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒன்றரை ரூபாய். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே 40 வரை மட்டும் போயிருந்தால் 10 மில்லி. 60 வரை போயிருந்தால் 23 மில்லி. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால் இவ்வளவு வேறுபாடு.

இதில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு விரைவாக அந்த வேகத்தை எட்டினோம் என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராததுதான். ஐந்து விநாடியில் 40-ஐ எட்டினாலும் பதினைந்து விநாடியில் எட்டினாலும் சேர்த்த ஆற்றல் ஒன்றே. எஞ்சினின் திறனில் வரும் சிறு வேறுபாடுதான் மிச்சம். நடுத்தரச் சுமையில் எஞ்சின் நன்றாகவே வேலை செய்யும் என்பதால், மிக மெதுவாகக் கிளம்புவது சில நேரம் இலாபமாகக்கூட இருப்பதில்லை. டர்போ கார் ஓட்டுபவர் செய்யும் தவறு, கிளம்பும்போது அழுத்துவது அன்று. அந்த உந்துதல் சுகமாக இருக்கிறது என்பதற்காக, இருநூறு மீட்டருக்கு அப்பால் சிவப்பு எரிவது தெரிந்தும் 60 வரை போய்ப் பிரேக் போடுவது. சக்தி குறைந்த காரில் அந்த இருநூறு மீட்டருக்குள் 60-ஐ எட்டுவதற்கு மனமும் வராது, எஞ்சினும் ஒத்துழைக்காது. சக்தி கூடிய வண்டி நகரத்தில் அதிகம் குடிப்பதற்கு எனக்குத் தெரிந்த முதற்காரணம் இதுதான்.

அடுத்தது நின்றுகொண்டே குடிப்பது. கோடையில் ஏ.சி. ஓட, எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டரை நெருங்கிச் செலவழிக்கும். ஒரு மணி நேரத்தில் 15 கி.மீ. நகரும் நெரிசலில் இந்த ஒன்றே மைலேஜைப் பாதியாக்கிவிடும். அதற்கு டர்போவும் பொறுப்பில்லை, ஓட்டுநரின் காலும் பொறுப்பில்லை. கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை அவிநாசி சாலையின் மேல் 10 கி.மீ. நீளத்துக்குக் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு இதை நேரடியாகவே பார்க்க முடிகிறது. அதே கார், அதே ஆள், அதே தூரம். கீழே சிக்னல் சிக்னலாக நின்று போனால் 11, மேலே 60-இல் சீராகப் போனால் திரையில் 18-க்குக் குறையாத எண். ஓட்டும் பாணியை எவ்வளவு திருத்திக்கொண்டாலும் இந்த அளவுக்கு முன்னேற்றம் வராது.

மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிறுத்திவிடும் சிறு பயணங்களையும் இதோடு சேர்க்க வேண்டும். காய்கறிக் கடை வரை போய் வருவதற்குள் எஞ்சின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கவே முதல் சில நிமிடங்களில் தனியாக எரிபொருள் போகிறது. ஐரோப்பியக் குளிர் நமக்கு இல்லாததால் பாதிப்பு குறைவு என்றாலும், இத்தகைய பயணங்களே நிறைந்த வாரங்களில் என் கணக்கு எப்போதும் 10-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. போலோவின் வடிவத்துக்கும் முகப்பு அகலத்துக்கும் டயர் உருளும் இழப்புக்கும் பொருத்தமான மதிப்புகளைப் போட்டுப் பார்த்தால், சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க வேண்டிய சக்தி சுமார் 10 குதிரைத்திறன்தான். 100-க்குச் சுமார் 17, 120-க்கு 26. நூற்றுப் பத்து குதிரைகளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, நெடுஞ்சாலையில் பதினேழை மட்டும் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆறாம் கியரில் 100-இல் போகும்போது எஞ்சினிடம் கேட்கப்படும் முறுக்குவிசை 60 நியூட்டன் மீட்டர் அளவு. 120-இல் 75 அளவு. இரண்டும் அந்த 90 என்ற எல்லைக்குக் கீழே இருக்கின்றன. அதனால்தான் சமதளத்தில் சீராகப் போகும்வரை, சிறிய டர்போ எஞ்சின் சோதனைக்கூடத்தில் காட்டிய அதே சிக்கனத்தைச் சாலையிலும் காட்டுகிறது. நான் போடும் கணக்கில் 80-இல் லிட்டருக்கு 22, 100-இல் 18, 120-இல் 15 என்று வருகிறது. என் குறிப்பேட்டில் உள்ள எண்களும் இதிலிருந்து அதிகம் விலகுவதில்லை. 120-இல் தொடர்ந்து போக நம் நெடுஞ்சாலைகள் விடுகின்றனவா என்பது வேறு கதை.

ஆனால் 120-இல் அந்த 75-க்கும் எல்லைக்கும் இடைவெளி குறைவு. ஒரு மேம்பால ஏற்றமோ எதிர்க்காற்றோ வந்தால் பூஸ்ட் தொடங்கிவிடும். காற்று என்றதும் கொங்கு நாட்டுக்காரனுக்கு ஆடி மாதம் நினைவுக்கு வராமலிருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வரும் அந்த மாதங்களில், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழன்று தள்ள, நாம் வாளையார் வழியாக மேற்கே போனால் நேராக அதன் வாயில் நுழைகிறோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் மைலேஜ் மட்டும் நிற்குமா? மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்றில் 90-இல் போகும் கார் சந்திப்பது 120-இல் போகும் காரின் காற்றுத் தடையை. காற்றுத் தடை மட்டும் முக்கால் பங்குக்கு மேல் கூடும். மொத்த எதிர்ப்பு ஏறக்குறையப் பாதி கூடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அப்போது திரையில் தெரியும் 25-ஐப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள், போகும்போது தெரிந்த 14-ஐ அனுப்புவதில்லை.

உயரமும் இப்படித்தான் ஏமாற்றும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே போகும் கார் தன்னையே அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் செலவழிக்கிறது. திரும்பும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. ஒருவழிப் பயணத்தின் மைலேஜைச் சொல்லும் யாரிடமும் எந்தத் திசை என்று நான் கேட்பது இதனால்தான்.

இப்போது உல்லாசத்தின் கணக்குக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ.; ஏறும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். இந்த வண்டிகளை வாங்குவதே இப்படிப்பட்ட சாலைகளுக்காகத்தான். இரண்டாம், மூன்றாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது 175 நியூட்டன் மீட்டரும் ஒன்றாகக் கிடைக்கும் அந்த இடத்தில், டர்போ இல்லாத கார் கியரை இறக்கி எஞ்சினைக் கதறவிட்டால்தான் நகரும். மேலே போகப் போகக் காற்று மெலிந்தாலும் டர்போ அதை ஈடுசெய்துவிடுவதால் மூச்சு வாங்குவதும் தெரியாது. இங்கே 1,250 கிலோவை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் இரண்டு லிட்டர் பெட்ரோல் வேண்டும். மகான்போல ஓட்டினாலும் பந்தயக்காரன்போல ஓட்டினாலும் அந்த இரண்டு லிட்டர் மலைக்குச் சேர வேண்டிய பங்கு, குறைக்க முடியாது. டயர், காற்று இழப்புகளுக்கு இன்னும் முக்கால் லிட்டர். ஆக நிதானமாக ஏறினால் மூன்று லிட்டரை ஒட்டி. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுக் கியரில் வந்தால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் மூடியே இருப்பதால் செலவு அற்பம். போய் வந்த 66 கி.மீ.-க்கு லிட்டருக்கு 20 கிடைத்துவிடும். வளைவுக்கு வளைவு பிரேக்கும் பூஸ்ட்டுமாக ரசித்து ஓட்டினால் ஏற்றத்தில் 7, 8 என்று திரை காட்டும். பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் போய் வந்த மொத்தக் கணக்கு ஐந்து லிட்டரை ஒட்டித்தான் நிற்கும். இரண்டுக்கும் வேறுபாடு இரண்டு லிட்டருக்குள், அதாவது இருநூறு ரூபாய்க்குள்.

இதை அன்றாட ஓட்டத்தோடு ஒப்பிட்டால்தான் என் வாதம் விளங்கும். நகரத்துக்குள் மாதம் 600 கி.மீ. ஓடும் ஒருவர், சிக்னலுக்குச் சிக்னல் 60-ஐத் தொட்டு நிறுத்தும் பழக்கத்தால் 11-இல் இருக்கிறார் என்று கொள்வோம். தூரத்துச் சிவப்பைப் பார்த்ததும் காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருளவிட்டு அவர் 13.5-க்கு வந்தால் மாதத்தில் மிச்சம் பத்து லிட்டர். ஆயிரம் ரூபாய்க்கு மேல். அவர் மாதம் ஐந்து முறை கோத்தகிரிக்குக் காலை அழுத்தி ஏறி இறங்கினால்தான் அந்தத் தொகை செலவாகும். மைலேஜ் குறையுமே என்று மலைப்பாதையில் மனத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, லட்சுமி மில் சிக்னலுக்குப் பறந்து போய் நிற்பவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பெரிய எஞ்சின் வாங்கினால் மைலேஜ் இன்னும் குறையும் என்ற நம்பிக்கையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். போக்ஸ்வாகன் வெர்டஸ் 2022-இல் வந்தபோது, 115 குதிரைத்திறன் கொண்ட 1.0 லிட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு 18.12 என்றும், 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் கொண்ட 1.5 லிட்டர் டி.எஸ்.ஜி.க்கு (இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி) 18.67 என்றும் அறிவித்தார்கள். பெரியதற்குக் கூடுதல். சுமை குறையும்போது நடு இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளை மூடிவிட்டு மற்ற இரண்டில் மட்டும் ஓடும் ஏற்பாடு அதற்கு ஒரு காரணம். முறுக்குவிசை மாற்றி வைத்த சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிட இரட்டைக் கிளட்ச் பெட்டியில் இழப்பு குறைவு என்பது மற்றொன்று. நெடுஞ்சாலையில் 120-ஐ நெருங்கும்போது 1.0 லிட்டர் பூஸ்ட்டின் விளிம்பில் நிற்க, 1.5 லிட்டர் இன்னும் நிம்மதியாகப் பாதித் தூக்கத்தில் இருக்கும். நெரிசலில் மட்டும் சிறியது முந்தும். ஒருவர் அதிகம் ஓடுவது எந்தச் சாலையில் என்பதை விட்டுவிட்டு எஞ்சின் அளவை மட்டும் வைத்துச் சிக்கனத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு, இவை இரண்டுமே சாட்சி.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது பங்க்கில் கிடைப்பது நான் கார் வாங்கியபோது கிடைத்த பெட்ரோல் இல்லை. நாடு முழுவதும் 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருந்தால், எத்தனாலில் 21-தான். இந்தக் கலவையில் கலப்பற்ற பெட்ரோலைவிட 7 விழுக்காடும், முன்பு கிடைத்த 10 விழுக்காட்டுக் கலவையைவிட மூன்றரை விழுக்காடும் ஆற்றல் குறைவு. லிட்டருக்கு 18 கிடைத்த இடத்தில் 17.4 என்றால் அதற்கு எத்தனாலைக் குறை சொல்லலாம். 14 என்றால் வேறு காரணம் தேட வேண்டும். டர்போ எஞ்சினுக்கு இதில் சிறு நன்மையும் உண்டு. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். அதனால் பூஸ்ட்டில் தீப்பொறியைத் தள்ளிப்போட வேண்டிய தேவை குறைகிறது. என்னுடையதுபோல அந்தக் கலவை வருவதற்கு முன்பே தயாரான வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது நல்லது. மைலேஜைவிட எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

நாக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும், விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். குறைந்த சுமையில் ஓடும்போது எஞ்சினுக்கு நாக்கிங் பிரச்சினையே இல்லாததால், அங்கே ஆக்டேனுக்கு வேலை இல்லை. கத்திரி வெயிலில் நிறை ஆட்களோடு மலை ஏறும்போது, சாதாரணப் பெட்ரோலுக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கும் வேறுபாடு காலில் தெரியும். அந்தச் சுகத்துக்காகப் போடலாம். சிக்கனத்துக்காகப் போட்டால் கூடுதல் விலையை மீட்க முடியாது. 100 ஆக்டேன் பெட்ரோல் இந்த வண்டிகளுக்கு வீண்.

அளக்கும் முறையில் ஒழுங்கு இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் சரிபார்க்க முடியாது. திரையில் தெரியும் மைலேஜ் என் காரில் எப்போதும் உண்மையைவிட 5 விழுக்காடு தாராளமாகவே இருக்கிறது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பதுதான் நம்பத்தக்கது. ஒரு டேங்க்கின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பம்ப் நிற்கும் இடம் சற்று மாறினாலே ஒரு லிட்டர் வேறுபாடு வந்துவிடும். அகலமான டயர் மாட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு மாறினால் ஓடிய தூரமே தவறாகப் பதிவாகும். கூடிய சுற்றளவு, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டி, அகலத்தால் வந்த உண்மையான இழப்பை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பழைய அளவு டயரோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கெண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, எஞ்சின் கணினியின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப் பற்றி. அதைச் செய்து தருபவர்கள் மைலேஜும் கூடும் என்று சொல்வது வழக்கம். பூஸ்ட் இல்லாத பகுதியில் தொழிற்சாலை நிரலே எரிபொருளையும் தீப்பொறியையும் ஏறக்குறைய உகந்த இடத்தில்தான் வைத்திருக்கிறது. அங்கே மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. மாறுவது பூஸ்ட் பகுதி மட்டும். அங்கே கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல். ரீமேப் செய்த பிறகு மைலேஜ் கூடியதாகச் சொல்லும் நண்பர் ஒருவரின் கணக்கைப் பார்த்தேன். அவர் திரையில் வரும் எண்ணைத்தான் சொல்லியிருந்தார், பங்க் ரசீது ஒன்றும் வைத்திருக்கவில்லை.